3 நிமிடம் 20 வினாடி: இணைந்த இரு மைக்ரோகிரிட்டுகளுக்கு நடுவில் ஒரு பழுதைத் தேடிய கதை

கொங்கு வட்டாரத்தில் உள்ள ஒரு கல்வி அறக்கட்டளையின் இரண்டு வளாகங்களுக்கு மின்பாதுகாப்பு ரிலேக்களை (பழுதை உணர்ந்து, பிரேக்கர் என்னும் காப்புச் சுவிட்சைத் திறக்க ‘டிரிப்’ கட்டளை தரும் கருவிகள்) அமைத்துக் கொடுத்து, இயக்கிப் பார்த்து ஒப்படைக்கும் பணியில் நான் இருந்தேன். வடக்கு வளாகத்தில் கல்லூரி. தெற்கு வளாகத்தில் விடுதிகளும் ஒரு சிறு மருத்துவமனையும். வெளியிலிருந்து வரும் 11 கிலோவோல்ட் எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ் ஒன்றுதான். அது வடக்கு வளாகத்தின் முகப்பில் உள்ள துணைமின்நிலையத்தில் இறங்கி, இரண்டு ஃபீடர்களாக, அதாவது மின்சாரம் கொண்டுசெல்லும் கேபிள்களாகப் பிரிந்து ஒவ்வொரு வளாகத்துக்கும் செல்கிறது. இவை தவிர இரு வளாகங்களையும் நேரடியாக இணைக்கும் மூன்றாவது கேபிள் ஒன்று உண்டு. அதை டை கேபிள் என்போம். ஒவ்வொரு வளாகத்திலும் கூரைச் சூரிய மின்தகடுகளும் 250 கே.வி.ஏ. பேட்டரி இன்வெர்ட்டரும் இருந்தன. வடக்கில் கூடுதலாக 500 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர். வெளி மின்சாரம் போனால் இரு வளாகங்களும் தனித்தனித் தீவுகளாகவும் ஓடலாம், டை கேபிள் வழியே கைகோத்து ஒரே தீவாகவும் ஓடலாம். இப்படித் தன் மின்மூலங்களைக் கொண்டு தனித்தும் ஓடக்கூடிய சிறு மின்வலையமைப்பே மைக்ரோகிரிட்.

சிகாகோ நகரின் பிரான்ஸ்வில் பகுதி மைக்ரோகிரிட்டையும் அதை ஒட்டிய இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் மைக்ரோகிரிட்டையும் இணைத்திருப்பதைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது. ஒன்றின் மிச்சம் மற்றதன் பற்றாக்குறையைத் தீர்க்கும் என்பதே இணைப்பின் நோக்கம். ஆனால் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் கேபிள் பழுதையும் பகிர்ந்துகொள்ளும் என்பதை நான் புத்தகத்தில் படித்து அறிந்ததை விட, ஓர் ஐப்பசி மாத இரவில் சேற்றில் நின்று அறிந்ததே அதிகம்.

அன்று மாலை இடியுடன் கூடிய மழையில் வெளி மின்சாரம் நின்றது. முகப்பு பிரேக்கர் திறந்து, இரு பேட்டரி இன்வெர்ட்டர்களும் மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொள்ள, டை கேபிளும் இணைப்பிலேயே இருந்ததால் இரு வளாகங்களும் ஒரே தீவாகத் தொடர்ந்து ஓடின. சுமை குறைவாக இருந்ததால் ஜெனரேட்டருக்கு வேலை வரவில்லை. ஒன்றரை மணி நேரம் எல்லாம் சீராக நடந்தது. பிறகு தெற்கு வளாகத்தில் வெடிச் சத்தம் கேட்டது. இரு வளாகங்களும் ஒருசேர இருளில் மூழ்கின. காவலாளி போய்ப் பார்த்தபோது தெற்குத் துணைமின்நிலையத்தில் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் பி ஃபேஸின் இடிதாங்கி (மிகை மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் காப்புக் கருவி) சிதறிக் கிடந்தது. இடி, மழை, சிதறிய இடிதாங்கி என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எவருக்கும் முதலில் என்ன தோன்றுமோ அதுவே எங்களுக்கும் தோன்றியது.

அந்த இரவு எங்களை வியக்க வைத்தது வேறொன்று. எந்த ரிலேயிலும் டிரிப் விளக்கு எரியவில்லை. இன்வெர்ட்டர்கள் இரண்டும் குறைமின்னழுத்தம் என்ற ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு நின்றிருந்தன. ரிலேக்களின் நிகழ்வுப் பதிவை மடிக்கணினியில் இறக்கிப் பார்த்தோம். தெற்கு ரிலேயில் 21:12:50 மணிக்கு மின்னழுத்தச் சரிவு. வடக்கு ரிலேயில் 21:15:46 மணிக்கு ஆர் ஃபேஸ் மின்னழுத்தம் மட்டும் சரிந்ததாக ஒரு பதிவு, 21:16:10 மணிக்கு மூன்று ஃபேஸும் சேர்ந்து சரிந்ததாக இன்னொரு பதிவு. ஆகவே தெற்கில் இடி விழுந்து இடிதாங்கி போனது, அது தெற்கை வீழ்த்தியது, சில நிமிடங்களில் வடக்கையும் இழுத்துக்கொண்டு போனது என்று கோவையாக ஒரு விளக்கம் எழுதினேன். நள்ளிரவில் எழுதிய விளக்கங்களை விடிந்ததும் ஒரு முறை சந்தேகிக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன், அன்று சந்தேகிக்கவில்லை.

காலையில் வெளி மின்சாரம் வந்ததும் புதிய இடிதாங்கியைப் பொருத்தி டை கேபிளுக்கு வடக்கிலிருந்து மின்சாரம் கொடுத்தோம். கைப்பிடியிலிருந்து கையை எடுப்பதற்குள் பிரேக்கர் திறந்துகொண்டது. இந்த முறை ரிலே தெளிவாகப் பேசியது: ஆர் ஃபேஸ் எர்த் ஃபால்ட் (ஃபேஸ் மண்ணைத் தொட்ட பழுது), ஏறத்தாழ 1,400 ஆம்பியர். கேபிளை மெக்கர் (காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் சார்ஜ் செய்தது முழுக்க என் தவறு. நீண்ட மழைக்குப் பிறகு, அதுவும் காரணம் உறுதியாகாத ஒரு நிகழ்வுக்குப் பிறகு, காப்புத் தடையை அளக்காமல் ஒரு கேபிளுக்கு மின்சாரம் கொடுப்பது, பழுதான இடத்தில் இருந்த தடயத்தை நாமே எரித்துவிடுவதற்குச் சமம்.

அப்போதுதான் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. இதே கேபிளில் இதே ஆர் ஃபேஸில் முந்தைய இரவே பழுது இருந்திருந்தால், அதே ரிலே அப்போது ஏன் வாய் திறக்கவில்லை?

பதில் கேபிளில் இல்லை, மின்மூலத்தில் இருந்தது. வெளி மின்சாரம் இருக்கும்போது எங்கள் 11 கிலோவோல்ட் பஸ்ஸில் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பொதுக் கடத்தி) மூன்று ஃபேஸ் ஷார்ட் ஏற்பட்டால் சுமார் 2,500 ஆம்பியர் பாயும். எங்கள் ஓவர் கரன்ட் (மிகை மின்னோட்ட) ரிலேயின் தொடக்க அளவு, அதாவது அது செயல்படத் தொடங்கும் மின்னோட்டம், 80 ஆம்பியர். மின்னோட்டம் கூடக் கூட விரைவாகச் செயல்படும் நேர்மாறு கால வளைவில், 0.1 என்ற காலப் பெருக்கியுடன் அது சுமார் 0.2 வினாடியில் டிரிப் கொடுக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தீவாக ஓடும்போது மின்மூலம் பேட்டரி இன்வெர்ட்டர்தான். 250 கே.வி.ஏ. இன்வெர்ட்டரின் முழுச்சுமை 11 கிலோவோல்ட்டில் வெறும் 13 ஆம்பியர். சுழலும் ஜெனரேட்டர் பழுதின்போது தன் முழுச்சுமையைப் போல் பல மடங்கு மின்னோட்டத்தைத் தள்ளும். இன்வெர்ட்டரோ தன் குறைகடத்திச் சுவிட்சுகளைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். எங்களுடையவை இரண்டும் சேர்ந்து முழு மூச்சாகக் கொடுத்தாலும் 40 ஆம்பியர்தான். 80 ஆம்பியருக்காகக் காத்திருக்கும் ரிலேக்கு அது சாதாரணச் சுமை போலவே தெரியும். விடியும் வரை காத்திருந்தாலும் அது அசையாது.

எர்த் ஃபால்ட்டின் கதை இதைவிட மோசம். எங்கள் டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாம் 415 வோல்ட் பக்கம் ஸ்டார் (மூன்று சுருள்களும் நியூட்ரல் என்ற பொது முனையில் சந்திப்பது), 11 கிலோவோல்ட் பக்கம் டெல்டா (அந்த முனையே இல்லாத முக்கோண இணைப்பு). 11 கிலோவோல்ட் அமைப்புக்கு எர்த் தருவது வெளியே, விநியோக நிறுவனத்தின் துணைமின்நிலையத்தில் உள்ள நியூட்ரல்தான். முகப்பு பிரேக்கர் திறந்த நொடியில் அந்த எர்த்தும் எங்களை விட்டுப் போய்விடுகிறது. பிறகு ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்லச் சுற்றுவழி கிடையாது. கேபிள்களின் கொள்ளளவு வழியாகக் கசியும் மின்னோட்டம் மட்டுமே ஓடும். எங்கள் மூன்று கேபிள்களுக்கும் சேர்த்து அது 5 ஆம்பியர் அளவு. எர்த் ஃபால்ட் ரிலேயின் தொடக்க அளவு 10 ஆம்பியர். மின்னோட்டம் ஓடவில்லையே தவிர மின்னழுத்தம் சும்மா இருக்காது. மண்ணைத் தொட்ட ஃபேஸ் பூஜ்யத்துக்கு இறங்க, மற்ற இரண்டும் மண்ணுக்கு எதிராக 6.35 கிலோவோல்ட்டிலிருந்து 11 கிலோவோல்ட் வரை ஏறிவிடும். வடக்கு ரிலேயின் அலைவடிவப் பதிவை மறுபடி திறந்து பார்த்தேன். 21:15:46 மணிக்கு ஆர் 0.4, ஒய் 10.8, பி 11.2 கிலோவோல்ட். எர்த் உள்ள அமைப்புக்கென்று வாங்கிய 9 கிலோவோல்ட் தர இடிதாங்கிகள் 11 கிலோவோல்ட்டைச் சில வினாடிகளுக்கு மேல் தாங்க முடியாது. அதிக அழுத்தம் ஏறியது பி ஃபேஸில். வெடித்ததும் பி ஃபேஸ் இடிதாங்கி. இடி விழவே இல்லை.

அப்படியானால் ஆர் ஃபேஸ் பழுது முதலிலும் இடிதாங்கி பிறகும் போயிருக்க வேண்டும். பதிவுகள் தலைகீழாகச் சொன்னதற்கு என்ன காரணம்? இரு வளாகங்களும் டை கேபிளால் இணைந்திருந்தன, டை பிரேக்கர் திறக்கவே இல்லை. எனவே தெற்கு சரிந்த கணத்தில் வடக்கும் சரிந்தே தீர வேண்டும். தெற்கில் 21:12:50, வடக்கில் 21:16:10. வித்தியாசம் 3 நிமிடம் 20 வினாடி. மாலையில் வெளி மின்சாரம் நின்ற நேரத்தைத் தேடினேன்: வடக்கில் 19:42:05, தெற்கில் 19:38:45. அங்கும் அதே 3 நிமிடம் 20 வினாடி. தெற்கு ரிலேயின் கடிகாரம் அவ்வளவு பின்தங்கி ஓடியிருக்கிறது. அதைச் சரிசெய்து அடுக்கியதும் நிகழ்வு நேராகிவிட்டது. கேபிளில் ஆர் ஃபேஸ் மண்ணைத் தொட்டது. 24 வினாடி கழித்து இடிதாங்கி வெடித்து பி ஃபேஸும் மண்ணைத் தொட்டது. ஆர், பி இரண்டும் மண் வழியே ஷார்ட் ஆகி, இன்வெர்ட்டர்கள் மின்னோட்ட எல்லையில் முட்டி, மின்னழுத்தம் விழுந்தது. அந்த 24 வினாடியும் விடுதியில் விளக்குகள் ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. டெல்டாவுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு எர்த் ஃபால்ட் நடப்பதே தெரியாது.

தெற்கு ரிலே முதல் பழுதைப் பதிவு செய்யாததற்கும் காரணம் இருந்தது. அங்கே செலவைக் குறைப்பதற்காக இரண்டே பி.டி.க்களை (மின்னழுத்தத்தைக் குறைத்து ரிலேக்குக் காட்டும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள்) வி வடிவில் இணைத்திருந்தார்கள். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை மட்டும் காணும் இணைப்பு அது. எர்த் ஃபால்ட்டில் அந்த மின்னழுத்தங்கள் மாறவே மாறா. வடக்கிலோ மூன்று பி.டி.க்களும் இருந்தன, மூன்று ஃபேஸ் மின்னழுத்தங்களையும் கூட்டிக் காட்டும் திறந்த டெல்டாச் சுற்றிலிருந்து ரிலே வரை வயரும் இழுக்கப்பட்டிருந்தது. ஆனால் ரிலேக்குள், அந்தக் கூட்டுத்தொகை பூஜ்யத்திலிருந்து விலகுவதைக் கண்டு எர்த் ஃபால்ட்டை அறியும் நியூட்ரல் மின்னழுத்த இடப்பெயர்வு உறுப்பை எவரோ ‘ஆஃப்’ நிலையில் விட்டிருந்தார்கள். ‘எவரோ’ என்று எழுதிவிட்டு என் பழைய அமைப்புத் தாளைப் புரட்டினேன். கையெழுத்து என்னுடையது. வெளி மின்சாரத்தில் அது தேவைப்படாத உறுப்பு. தீவு நிலையை அன்று நான் யோசிக்கவே இல்லை.

இனி பழுது எங்கே என்று தேடிய படலம். கேபிளின் இரு முனைகளையும் பிரித்து, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டோம். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இணைந்த மைக்ரோகிரிட்டில் ‘மெயின் ஆஃப்’ என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. கேபிளின் எந்த முனையிலிருந்தும், எந்த நேரத்திலும், ஒரு பேட்டரி தானாகவே உயிர் கொடுக்கலாம். இரு முனையும் திறந்து, மின்னழுத்தம் இல்லை என்று சோதித்து, தேங்கிய மின்னூட்டத்தை டிஸ்சார்ஜ் ராடால் மண்ணுக்கு இறக்கி, எர்த் போட்ட பிறகே கை வைக்க வேண்டும். ஒவ்வொரு மெக்கர் சோதனைக்குப் பிறகும் மறுபடி டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர் கேபிள் தேக்கி வைத்துக்கொள்ளும் மின்னூட்டம் விளையாட்டல்ல.

5 கிலோவோல்ட் மெக்கரில் ஒய், பி இரண்டும் ஆயிரம் மெகா ஓமை ஒட்டி நின்றன. ஆர் ஃபேஸ் 0.03 மெகா ஓம். பழுது உறுதி. வரைபடத்தில் 500 மீட்டரிலும் 1,000 மீட்டரிலும் ஒவ்வொரு ஜாயின்ட் (இரு கேபிள் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பு) இருந்தது. மழைக்காலத்தில் கேபிள் போனால் ஜாயின்ட்தான் போயிருக்கும் என்பது துறையில் ஊறிய நம்பிக்கை. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சோதனை வேன் வருவதற்குள் முதல் ஜாயின்ட்டைத் தோண்டிவிடலாம் என்றேன். அதைப் போட்ட மூத்த ஜாயின்டர் அருகில் நின்றிருந்தார்.

“சார், அது நான் என் கையால போட்டது. தோண்டிப் பாருங்க, பொட்டுத் தண்ணி இருக்காது.”

“இருக்கட்டும்ணே, பாத்துட்டா சந்தேகம் தீந்துடும்ல.”

அரை நாள் தோண்டினோம். பொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

வேன் வந்தது. கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்பி அது எதிரொலித்துத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரம் காணும் டி.டி.ஆர். கருவியை முதலில் மாட்டினார்கள். திரையில் பழுதின் அடையாளமே இல்லை. கேபிளின் மறுமுனை மட்டும் 18.0 மைக்ரோ வினாடியில் தெரிந்தது. இது எதிர்பார்க்க வேண்டியதே. பழுதின் தடை சில நூறு ஓமுக்குக் கீழே இருந்தால்தான் குறைந்த அழுத்தத் துடிப்பு அதைப் பொருட்படுத்தும். 30,000 ஓம் அதன் கண்ணில் படாது. ‘டி.டி.ஆரில் ஒன்றும் இல்லை, கேபிள் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மெக்கர் கூறியதை டி.டி.ஆர். மறுக்க முடியாது. பிறகு மின்தேக்கியில் தேக்கிய 8 கிலோவோல்ட்டைக் கேபிளுக்குள் பாய்ச்சி, பழுதான இடத்தில் வில்பொறி எழும் அந்தக் கணத்தில் டி.டி.ஆர். துடிப்பையும் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். வில்பொறி எரியும் வரை பழுது ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். இந்த முறை 7.6 மைக்ரோ வினாடியில் பள்ளம் ஒன்று தெளிவாக விழுந்தது.

கருவியில் வேகத்தை மைக்ரோ வினாடிக்கு 80 மீட்டர் என்று வைத்திருந்தார்கள். போய்த் திரும்பும் பயணம் என்பதால் பாதி வேகம் அது. அதன்படி பழுது 608 மீட்டரில். ஆனால் அதே கணக்கில் கேபிளின் மொத்த நீளம் 1,440 மீட்டர் வர, வரைபடம் 1,380 என்றது. இரண்டில் எதை நம்புவது? ஸ்டோரில் பழைய கொள்முதல் பதிவேட்டைப் புரட்டினோம். மூன்று டிரம்கள், 500, 500, 460, ஆக 1,460 மீட்டர். முழுதும் பயன்பட்டது என்று ஜாயின்டரும் உறுதி சொன்னார். 1,460 மீட்டரை 18.0 ஆல் வகுத்தால் 81.1. அந்த வேகத்தில் பழுது வடக்கிலிருந்து 616 மீட்டர். வேனைத் தெற்கு முனைக்கு ஓட்டிப் போய் மறுபடி அளந்தோம்: 10.4 மைக்ரோ வினாடி, 844 மீட்டர். 616-ம் 844-ம் சேர்ந்தால் 1,460. இரு முனையிலிருந்தும் அளந்து, கூட்டுத்தொகை கேபிளின் நீளத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு குழியைத் தவறாகத் தோண்டும் அரை நாளை மிச்சப்படுத்தும். நான் அதைச் செய்தது அரை நாளை இழந்த பிறகு.

616 மீட்டர் என்பது கேபிளின் நீளம். தரையின் நீளம் அன்று. வடக்கு முனையில் மேலேறும் பகுதி, எதிர்காலத் தேவைக்காகச் சுருட்டி விட்ட வளையம், ஜாயின்ட் அருகே இன்னொரு வளையம், ஒரு பாழுங்கிணற்றைச் சுற்றிச் சென்ற வளைவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துத் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம். அந்த இடத்தில் எந்த ஜாயின்ட்டும் இருப்பதாக வரைபடம் சொல்லவில்லை. வேனிலிருந்து சில வினாடிக்கு ஒரு முறை துடிப்பு பாய, தரையில் ஒலிவாங்கியை வைத்துக் காதில் மாட்டிக்கொண்டு நகர்ந்தோம். ‘டொப்... டொப்’ என்ற சத்தம் ஒரு வால்வுத் தொட்டியின் கான்கிரீட் மேல்தான் உரக்கக் கேட்டது. உதவியாளர் அங்கேயே கடப்பாரையை ஊன்றிவிட்டார். கான்கிரீட்டும் குழாயும் சத்தத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகும். நம்ப வேண்டியது சத்தத்தின் உரத்தை அன்று. காந்தத் துடிப்பு வந்து சேர்வதற்கும் ஒலி வந்து சேர்வதற்கும் உள்ள கால இடைவெளியை. அது எங்கே மிகக் குறைவோ அங்கேதான் பழுது. அந்த இடம் தொட்டிக்கு 3 மீட்டர் தள்ளி, எங்கள் சுண்ணாம்புக் கோட்டிலிருந்து 4 மீட்டரில் இருந்தது.

முக்கால் மீட்டர் தோண்டியதும் வரைபடத்தில் இல்லாத ஒரு ஜாயின்ட் வெளிப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் குடிநீர்க் குழாய் பதித்தபோது ஜே.சி.பி. கேபிளை வெட்டியிருக்கிறது, ஒருவரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாக ஜாயின்ட் போட்டு மூடியிருக்கிறார்கள். வெப்பத்தால் சுருங்க வேண்டிய உறையின் ஒரு முனை சரியாகச் சுருங்கவே இல்லை. விரல் நகத்தை உள்ளே நுழைக்க முடிந்தது. கத்தியால் கிழித்தபோது உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. கடத்திகளைப் பிணைக்கும் அலுமினியம் ஃபெரூலின் மேல் வெள்ளை மாவு போல அரிப்பு படிந்திருக்க, ஆர் ஃபேஸ் காப்பில் பென்சில் நுழையும் அளவு கரிந்த துளை. மூத்த ஜாயின்டர் குனிந்து பார்த்துவிட்டு, “இது நம்ம கை இல்லை சார்” என்று மட்டும் சொன்னார்.

பழுதை நீக்குவது ஒரு நாள் வேலை. பாதுகாப்பைத் திருத்துவதற்கு ஐந்து மாதம் ஆனது. முதலில் தீவுக்கு ஓர் எர்த் வேண்டும். ஒவ்வொரு வளாகத்திலும் 11 கிலோவோல்ட் பஸ்ஸில் ஸிக்ஸாக் எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் (நியூட்ரல் இல்லாத அமைப்புக்குச் செயற்கையாக ஒரு நியூட்ரல் தருவது) ஒன்றை, 318 ஓம் தடையுடன் வைத்தோம். எர்த் ஃபால்ட்டில் ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் கொடுக்கும். ஏன் 20 என்று பலர் கேட்டார்கள். கேபிள்களின் கொள்ளளவு மின்னோட்டமான 5 ஆம்பியரை விட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும், இல்லையேல் அழுத்தம் கண்டபடி துள்ளும். மறுபுறம், 6.35 கிலோவோல்ட்டில் 20 ஆம்பியர் என்றால் 127 கிலோவாட். அதைச் சுமக்க வேண்டியதும் அதே 250 கே.வி.ஏ. இன்வெர்ட்டர்தான். அதற்கு மேல் ஏற்றினால் எர்த் ஃபால்ட்டே இன்வெர்ட்டரை வீழ்த்திவிடும்.

இந்த எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர்கள் வெளி மின்சாரம் இருக்கும்போது இணைப்பில் இருக்கக் கூடாது. இருந்தால் வெளியே நடக்கும் எர்த் ஃபால்ட்டுக்கு இங்கிருந்தும் மின்னோட்டம் போய், விநியோக நிறுவனத்தின் ரிலேக்குத் தெரிய வேண்டிய அளவைக் குறைத்துவிடும். எனவே முகப்பு பிரேக்கர் திறந்தால்தான் அவை மூடும். இணைந்த தீவுக்கு ஓர் எர்த் போதுமே, இரண்டு எதற்கு என்ற கேள்வியும் வந்தது. டை பிரேக்கர் பழுதில் திறந்த மறுகணம் எர்த் இல்லாத பக்கம் மறுபடி அனாதையாகும் என்பது ஒரு காரணம். டை கேபிளின் இரு முனையிலிருந்தும் எர்த் மின்னோட்டம் பாய்ந்தால்தான் இரு முனை ரிலேக்களும் பழுது ‘எனக்கு முன்னால்’ என்று திசை காட்ட முடியும் என்பது எனக்கு இன்னும் முக்கியமான காரணம்.

டை கேபிளுக்கு இரு முனை மின்னோட்டங்களையும் ஒளியிழை வழியே ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலே போட்டோம். இணைந்த மைக்ரோகிரிட்டில் எனக்கு மிகவும் நம்பிக்கையான பாதுகாப்பு இதுவே. மூலம் வெளி மின்சாரமா, பேட்டரியா, ஜெனரேட்டரா என்று அது கேட்பதில்லை. உள்ளே போனது வெளியே வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. அதன் தொடக்க அளவு 20 ஆம்பியர்; ஃபேஸ் ஷார்ட்டில் இரு இன்வெர்ட்டர்களும் தரும் 40 ஆம்பியருக்கு அது போதும். எர்த் ஃபால்ட்டுக்கு அவ்வளவு நுட்பம் போதாது. அதற்கு மூன்று கோர்களையும் சேர்த்து அணைக்கும் கோர் பேலன்ஸ் சி.டி. (மின்னோட்டத்தை அளக்க உதவும் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்றும், திசை பார்க்கும் எர்த் ஃபால்ட் உறுப்பும், இரு முனைகளும் ஒப்புக்கொண்டால் டிரிப் என்று ஐ.இ.சி. 61850 என்ற தொடர்புத் தரநிலைப்படி ரிலேக்களுக்கிடையே விரைந்து செல்லும் கூஸ் செய்தியும் தனியாக அமைத்தோம். மூன்று ஃபேஸும் சமனாக இல்லாதபோது தோன்றும் எதிர்வரிசை மின்னோட்டத்தைக் கொண்டு திசை காணும் உறுப்பை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஜெனரேட்டர் தரும் எதிர்வரிசை மின்னோட்டத்துக்கு இயற்கையான ஒரு கோணம் உண்டு. இன்வெர்ட்டர் தருவது அதன் மென்பொருளை எழுதியவரின் விருப்பத்தைப் பொறுத்தது. அந்தக் கோணத்தை நம்பிய ரிலே திசையைத் தலைகீழாகச் சொல்லும்.

இடிதாங்கிகளை 12 கிலோவோல்ட் தரத்துக்கு மாற்றினோம். தெற்கிலும் மூன்று பி.டி.க்கள் வைத்து, ஃபெர்ரோ ஒத்திசைவு (பி.டி.யின் இரும்புக் கருவும் கேபிளின் கொள்ளளவும் சேர்ந்து மின்னழுத்தத்தைத் துள்ளவைப்பது) வராமல் திறந்த டெல்டாவில் ஒரு தணிப்புத் தடையைப் போட்டோம். நியூட்ரல் இடப்பெயர்வு உறுப்பை இயக்கினோம். அது டிரிப் கொடுக்கும் கடைசிக் காவல். எல்லா ரிலேக்களுக்கும் ஒரே ஜி.பி.எஸ். கடிகாரம்.

415 வோல்ட் பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், ஆட்கள் கை வைப்பதோ அங்கேதான். விடுதிச் சமையற்கூடத்துக்கான ஃபீடரில் 400 ஆம்பியர் எம்.சி.சி.பி. (குறைந்த அழுத்தப் பக்கத்துப் பெரிய பிரேக்கர்) இருந்தது. வெளி மின்சாரத்தில் அங்கே ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கண நேரத்தில் திறக்கும். தனித் தீவில் இன்வெர்ட்டர் தருவது 520 ஆம்பியர். அதாவது அந்த எம்.சி.சி.பி.யின் 1.3 மடங்கு. அந்த அளவு மிகைச்சுமைக்குத் தரநிலை அனுமதிக்கும் நேரம் இரண்டு மணி! அதே கூடத்தில் உள்ள 32 ஆம்பியர் சி வளைவு எம்.சி.பி. (தன் அளவின் 10 மடங்குக்குள் உடனே திறக்கும் சிறு பிரேக்கர்) 320 ஆம்பியருக்குள் உடனே திறந்துவிடும், ஆகவே அதற்குக் கீழே கவலையில்லை. 63 ஆம்பியருக்கு 630 வரை தேவைப்படலாம் என்பதால் அங்கிருந்து மேலே உறுதி கிடையாது. பெரிய ஃபீடர்களில் மின்னணு டிரிப் அலகு வைத்து, மின்னழுத்தம் சரிந்திருக்கும்போது மட்டும் குறைந்த மின்னோட்டத்திலேயே 0.4 வினாடியில் திறக்கும்படி செய்தோம். இன்வெர்ட்டர்கள் குறைமின்னழுத்தத்தில் 1 வினாடி தாங்கும். எல்லாப் பாதுகாப்பும் அதற்குள் முடிந்தாக வேண்டும். மூலம் நின்றுவிட்டால் பழுதும் ஓடாது, பழுது எங்கே என்ற பதிவும் கிடைக்காது.

வெளி மின்சாரத்துக்கு ஒன்று, தீவுக்கு ஒன்று என ரிலே அமைப்புத் தொகுப்புகளைத் தானாக மாற்றும் வசதியையும் பயன்படுத்தினோம். ஒப்படைப்புச் சோதனையில் அது ஒரு முறை காலை வாரியது: முகப்பு பிரேக்கர் திறந்த பிறகும் அதன் துணைத் தொடர்பு (பிரேக்கரின் நிலையை ரிலேக்குச் சொல்லும் சிறு சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது திறந்த தொடர்பு, மூடிய தொடர்பு இரண்டையும் எடுக்கிறோம். இரண்டும் முரண்பட்டால் ரிலே தீவுத் தொகுப்புக்குப் போய்விடும். தேவையின்றி ஒரு முறை டிரிப் ஆவது பரவாயில்லை, தேவையானபோது ஆகாமல் போவதுதான் கூடாது என்பது என் தீர்ப்பு. சுரங்கத்திலோ பெரிய மருத்துவமனையிலோ இருப்பவர் வேறு முடிவு எடுக்கலாம்.

இறுதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி காலியாக இருந்தபோது, இரு வளாகங்களையும் தனித்தனியே பேட்டரியில் ஓடவிட்டு, டை கேபிளின் தெற்கு முனையில் ஆர் ஃபேஸை மெல்லிய ஃபியூஸ் கம்பி வழியே எர்த்தில் கட்டி, ஆட்களை வெளியேற்றிவிட்டு, தொலைவிலிருந்து டை பிரேக்கரை மூடினோம். 110 மில்லி வினாடியில் டை கேபிளின் இரு முனையும் திறந்தன. வடக்கு தனியாகவும் தெற்கு தனியாகவும் ஓடிக்கொண்டிருந்தன. இரு ரிலேக்களின் பதிவையும் அடுக்கிப் பார்த்தபோது நேர வித்தியாசம் 1 மில்லி வினாடிக்குள் இருந்தது.

வரைபடத்தை மறுபடி வரைந்தாயிற்று. மூன்று ஜாயின்ட்டுகளுக்கும் மேலே கல் நட்டு, போட்ட தேதியைப் பொறித்தோம். முதல் கல்லை மூத்த ஜாயின்டரே நட்டார். முகப்பிலிருந்து செல்லும் மற்ற இரண்டு ஃபீடர்களுக்கு டிஃபரென்ஷியல் ரிலே வாங்க நிதி இன்னும் ஒதுக்கப்படவில்லை. அவை இப்போதைக்குத் திசை பார்க்கும் எர்த் ஃபால்ட் உறுப்பையும் நியூட்ரல் இடப்பெயர்வையும் நம்பியே ஓடுகின்றன. தீவு நிலையில் அவற்றில் ஃபேஸ் ஷார்ட் ஏற்பட்டால், எந்தக் கேபிள் என்று பிரித்தறிய முடியாமல் அந்தத் தீவு முழுதுமாக அணையும்.